ஒத்தாசை ஐந்து

தண்ணீர் நிலையத்து வாசலில் ஒரு பதிவேடு உண்டு. பெயர், நேரம், எப்படி வந்தார் என்று அதில் மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தை எந்தப் புண்ணியவான் எதற்காகப் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பியே தீரவேண்டும் என்பது வாட்ச்மேனின் கொள்கை. நடந்து வந்தவருக்கு 'நடை' என்று எழுதுவார், ஸ்கூட்டரில் வந்தவருக்கு 'ஸ்கூட்டர்' என்று எழுதுவார். ஃபிட்டரின் பெயருக்கு நேராக மட்டும் இருபத்துநான்கு வருஷமாக 'மிதித்து' என்று எழுதி வந்தார்.

அதில் நியாயம் இருந்தது. அடிவாரத்து டீக்கடையிலிருந்து நிலையத்து வாசல்வரை மூன்று கிலோமீட்டர் மேடு, நான்கு வளைவு. மற்ற சைக்கிள்காரர்கள் இரண்டாம் வளைவிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஃபிட்டர் ஒருத்தர்தான் காலைக் கீழே வைக்காமல் மிதித்தே ஏறுவார். சட்டை தொப்பலாக நனைந்து, மூக்கு நுனியில் வேர்வை சொட்ட, ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் வந்து நிற்பார். "குதிரை வந்தாச்சு" என்று வாட்ச்மேன் உள்ளே குரல் கொடுப்பார். குதிரை என்று கூப்பிட்டால் ஃபிட்டர் வெளியே சலித்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்தப் பெயரைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

அவருடைய வேலை கசிவு பிடிப்பது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். ஒரு முனையைக் குழாய்மேல் ஊன்றி, மறு முனையைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல குழாய் என்றால் கம்மென்று இருக்கும். எங்கேயாவது ஒழுகினால் உஸ்ஸென்று கேட்கும். அந்த உஸ்ஸின் கனத்தை வைத்து, தூரத்தைக் கணக்குப் போட்டு, செருப்பால் தரையில் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தோண்ட வேண்டி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

இப்பேர்ப்பட்டவருக்குப் போன மழைக்காலத்தில் முட்டி போயிற்று. ஒவ்வொரு மிதிக்கும் வலது முட்டி 'டக்'கென்று ஒன்று சொல்லும், இடது முட்டி அதற்குப் பதில் சொல்லும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் முட்டி போனவர் வால்வு அண்ணன். ஒரே ஒரு நாள், சாமான் லாரியில் தன்னையும் ஏற்றிவர முடியுமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். பாவம் பார்த்து அவரை அடிவாரத்து அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது காலையிலிருந்து மாலைவரை டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு "பதிவு பண்ணியாச்சும்மா, ஆள் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஃபிட்டருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் பாக்கி. குழாயைக் கேட்ட காது அந்த மூன்று வருஷமும் டெலிபோனைக் கேட்பதா என்று வலியை விழுங்கிக்கொண்டு மிதித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி மின்சார சைக்கிள் வாங்கினாள். அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில். கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஒட்டுப் போடுவது, டாக்டர்களின் கோட்டுக்குப் பித்தான் தைப்பது, கறையைப் பார்த்து இது இன்ன கறை, இன்னதில் ஊறவைத்தால் போகும் என்று சலவைக்காரர்களுக்குச் சொல்வது. அங்கே எல்லாருக்கும் அவள் தையலம்மா. போக நாற்பது நிமிஷ நடை, வர நாற்பது நிமிஷ நடை, நடுவே எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் ராத்திரிவரை இருக்கும். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்துத்தான் வண்டிக்குத் துணிந்தாள்.

கடைக்குப் போகும்போது சைக்கிள் தெரிந்த மனுஷன் என்று புருஷனையும் கூட்டிப்போனாள். அவர் குறை சொல்லவென்றே கிளம்பிப் போனவர். டயரைக் கிள்ளினார், மணியை இரண்டு தடவை அடித்தார், பின்பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, மோட்டார் வைத்தால் அது சைக்கிளே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். கடைக்காரர் அவரை விட்டுவிட்டுத் தையலம்மாவிடம் திரும்பினார்.

"இதுல அஞ்சு அசிஸ்ட் இருக்கும்மா."

"அசிஸ்ட்டுன்னா?"

"ஒத்தாசைம்மா. நீங்க மிதிச்சா கூட சேர்ந்து அதுவும் மிதிக்கும். ஒண்ணுல வெச்சா கொஞ்சமா, அஞ்சுல வெச்சா நிறைய. சைபர்ல வெச்சா நீங்களேதான் மிதிச்சுக்கணும்."

தையலம்மா தலையைத் திருப்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "கூட சேர்ந்து மிதிக்குமாமே. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒண்ணை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து ஒத்தாசை அந்த வீட்டில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டே அறை, ஒரு சமையற்கட்டு. அவள் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டே, ஈரத்துணி வாளியைத் தாண்டிப் போகிற புருஷனைப் பார்த்து, "எத்தனையில இருக்கீங்க?" என்று கேட்பாள். ஒரு துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு அவர் "ரெண்டு" என்பார். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் அவளே "சைபர்" என்று அறிவிப்பாள். அவருக்குக் கோபம் வரும். ஆனால் கணக்கு சரியாக இருப்பதால் வாதாட முடியாது.

அவள் வண்டி ஓட்டிய நாள் மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. அன்று காலை ஃபிட்டரின் வலது முட்டி வாசற்படியிலேயே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் தன் பழைய சைக்கிளையும் அவளுடைய புது சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருடன் மாதிரி புதியதை வெளியே இறக்கினார்.

டீக்கடை தாண்டி ஒத்தாசை ஒன்றில் வைத்தார். யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் வளைவில் மூன்றுக்கு ஏற்றினார். முட்டி ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. இருபத்துநான்கு வருஷமாக அந்தச் சாலையில் அவர் பார்த்ததெல்லாம் முன் சக்கரமும் மண்ணும்தான். அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தி, கீழே ஊர் இருப்பதையும் தூரத்தில் ஆறு வளைவதையும் பார்த்தார். தனியாக ஓவென்று சிரித்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் சந்தோஷம் வடிந்துவிட்டது. "என்ன குதிரை, இன்னிக்கு வேர்க்கவே இல்லை?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"நல்ல காத்து" என்றார் ஃபிட்டர். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

வண்டி மாறியதற்குப் பழையது ரிப்பேர் என்று சொல்லிவைத்தார். கேரியருக்கு அடியில் இருந்த பேட்டரியைக் கித்தான் கருவிப்பை மறைத்தது. கைப்பிடி நடுவில் எண் காட்டுகிற சின்னத் திரைக்குத் துணி சுற்றினார். மோட்டாரின் ரீங்காரத்துக்கு, வாசல் நெருங்கும்போது தானும் சேர்ந்து முனகிக்கொண்டே வந்தார். வேர்வைக்குத்தான் வழி தெரியவில்லை. மறுநாள் மூன்றாம் வளைவில் அதற்கும் ஒரு வழி பிறந்தது.

அங்கே பெரிய குழாய் தரைக்கு மேலே வந்து, ஓடையைத் தாண்டி, மறுபடி மண்ணுக்குள் போகும். இரண்டு குழாய் சேருகிற இடத்தில் ஒரு போல்ட் தளர்ந்து, தண்ணீர் சன்னமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷ வேலை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் முகத்தில் தண்ணீர் பட்டது. சில்லென்று கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. ஸ்பேனர் திரும்பப் பைக்குள் போயிற்று. நிலையத்தில் வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதானே பாத்தேன்" என்று சொல்லி நிம்மதியாக 'மிதித்து' என்று எழுதினார். மிதிக்கத்தானே செய்தோம் என்று ஃபிட்டர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வேலைக் குறிப்பேட்டில் மூன்றாம் வளைவுக்கு நேராக 'கவனத்தில் உள்ளது' என்று எழுதினார். அது பொய்யில்லை. தினமும் காலையில் வண்டியை நிறுத்தி, இரண்டு கையாலும் அள்ளி, நெற்றியில், கழுத்தில், முதுகில் தெளித்துக்கொண்டு, அந்தக் கசிவைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வந்தார். இரண்டு மாதத்தில் அங்கே பாசி பிடித்தது, ஒரு தவளையும் குடிவந்தது. கசிவைக் கண்டால் விடாத மனுஷன் ஒரு கசிவைத் தீனி போட்டு வளர்க்கிறோமே என்று அவருக்கே கேவலமாகத்தான் இருந்தது. அந்த உஸ் சத்தம் காதில் விழும்போதெல்லாம் உரக்க இருமுவார்.

வீட்டில், 'முட்டி சரியாகிறவரைக்கும்' என்று தையலம்மா வண்டியை விட்டுக்கொடுத்திருந்தாள். மறுபடி நடந்தாள். முதல் வாரம் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் கேட்டாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் கேட்டாள். உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதை அவர் எப்படிச் சொல்வார்? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். அவள் இரண்டு நாள் தாமதமாகப் போய்த் துணி அறையில் பேச்சுக் கேட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் அவருடைய சட்டைகளை ஊறவைக்கப் போனவள், ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள்.

"ஏங்க, இது என்ன கறை?"

"வேர்வை."

"வேர்வைன்னா காஞ்சதும் வெள்ளையா உப்புப் பூக்கும். நான் பாக்காத வேர்வையா? இது துரு. காலர் முழுக்க துரு. கக்கத்துல ஒண்ணுமே இல்லை. உங்களுக்கு மட்டும் கழுத்துல இரும்பு உருகுதா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். வால்வு அண்ணன், டெலிபோன், குதிரை, மூன்றாம் வளைவு, தவளை. தையலம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரித்து, முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் முகம் மாறிவிட்டது.

"நீங்க தண்ணி தெளிச்சுக்கறதுக்காகவா நான் நடக்கறேன்?"

அடுத்த வாரம் கட்டாயம் சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். அவள் பதில் பேசாமல் ஊசியில் நூல் கோத்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஆபத்து என்பது இருபத்தாறு வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து சூப்பர்வைசரம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார். வயதில் ஃபிட்டருக்குப் பாதிதான், ஆனால் நிலையத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கையில் புகார்ச் சீட்டு. வால்வு அண்ணனின் முத்து முத்தான கையெழுத்து. சூப்பர்வைசரம்மா வாய்விட்டுப் படித்தார்: "மேட்டுச் சாலை, மூன்றாம் வளைவு. இரண்டு மாதமாகக் கசிவு. புகார் கொடுத்தவர் ஒரு பெண்மணி, பெயர் சொல்லவில்லை. கூடுதல் விவரம்: தண்ணீரில் துரு இருக்கிறது. சட்டையில் பட்டால் லேசில் போகாது."

ஃபிட்டருக்குக் காது சூடாகிவிட்டது.

"ரெண்டு மாசமா தினம் அந்த வழியாத்தானே வர்றீங்க?"

"மேட்டுல தலையைக் குனிஞ்சே மிதிக்கறதால மேடம், பக்கத்துல பாக்கறதில்லை."

சூப்பர்வைசரம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, மீட்டரையும் அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். மீட்டர் என்பவர் குழாய் நெடுக உள்ள அளவுகளைப் படித்து எழுதுகிறவர். ஒரு குடம் குறைந்தாலும் ஊரைக் கூட்டுவார். நடைப் பைத்தியம் வேறு. டாக்டர் சொல்லித் தினம் மேடேறி நடந்து வருவதாகவும், நடந்தால் எல்லா வியாதியும் ஓடிப்போகும் என்றும் எதிர்ப்படுகிறவருக்கெல்லாம் உபதேசம் செய்வார். அந்த மீட்டர் அன்று, சின்னக் கசிவாகத்தான் இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று இழுத்தது ஃபிட்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு மாதமாக மூன்றாம் வளைவு அளவில் அவர் குறை எதுவும் எழுதாததும் அப்போதுதான் உறைத்தது.

இரண்டு பேரும் சாலையில் இறங்கினார்கள். தினமும் முகம் கழுவுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுபோல் நடிப்பது லேசான காரியமில்லை. ஃபிட்டர் ஐம்பது அடி முன்னாலேயே கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். இங்கே இல்லை என்றார். பத்து அடி தள்ளி மறுபடி வைத்தார். மீட்டரோ ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கடைசியில் தவளைதான் பொறுக்கமாட்டாமல் 'தொப்'பென்று குதித்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

குழாய்க்குப் பின்னால் ஒரு தட்டைக் கல். கல்லின்மேல் கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர்.

ஃபிட்டர் டம்ளரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தன்னுடையது இல்லை. இரண்டு மாதமாக இது கண்ணில் பட்டதும் இல்லை. "இது யாருது?" என்றார்.

மீட்டர் டம்ளரைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்க தினம் கையாலயா அள்ளிக்கறீங்க?"

ஃபிட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருநாள் சீக்கிரம் வந்துட்டேன். புதருக்குப் பின்னால நின்னு உங்களைப் பாத்தேன்" என்றார் மீட்டர். "மாப்பிள்ளை தினம் ஸ்கூட்டர்ல கொண்டாந்து இங்க இறக்கி விடறான். ரெண்டு மாசமாச்சு நான் நடந்து. வேர்க்காம போய் நின்னா அந்த வாட்ச்மேன் கட்டத்துல என்ன எழுதுவான்? நடங்க நடங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். அந்த வாயை எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"அளவுல குறை காட்டியிருக்குமே?"

"காட்டுச்சு. ஆவியாயிருக்கும்னு விட்டுட்டேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போல்ட்டை முறுக்கினார்கள். பீய்ச்சல் சொட்டாயிற்று, சொட்டும் நின்றது. ஃபிட்டர் பழக்கதோஷத்தில் கம்பியை ஊன்றிக் காதில் வைத்தார். கம்மென்று இருந்தது. ஊர்த் தண்ணீரை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டிருந்த வெட்கம் அப்போதுதான் முழுசாக வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டு மாதமாக இருமி இருமித் தொண்டை வலித்துப்போயிருந்தது.

"நாளைக்கு என்ன பண்றது?" என்றார் மீட்டர், டம்ளரைப் பைக்குள் போட்டபடி. ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்துத் தன் பைக்குள் போட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தையலம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வைத்திருந்த கோபத்தில் பாதி அந்தக் காலைப் பார்த்ததும் கரைந்துவிட்டது.

"புகார் குடுத்தது நீதானே?"

"பேர் சொல்லலையே."

"சட்டையில பட்டா போகாதுன்னு வேற யார் சொல்லுவா?"

"போகலையே. ரெண்டு தடவை ஊறவெச்சேன்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "முட்டி போனா போகட்டுமேங்க. கம்பியை முட்டியில வெச்சா கேக்கறீங்க?"

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

"நீங்க வாயைத் திறந்தாத்தானே தெரியும். நாளையிலேருந்து வண்டி எனக்கு."

"நான் எப்படிப் போறது?"

"கேரியர் எதுக்கு இருக்கு?"

அவர் அடுப்படிக்குப் போனார். கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்தார். இரண்டு பேருக்கும் முட்டை அவித்தார், ரொட்டியைச் சுட்டார். அவள் எத்தனை என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் தையலம்மா முன்னால் ஏறி மிதித்தாள். ஃபிட்டர் கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைத் தோளில் சாத்தி, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தார். டீக்கடையில் இருந்த நாலு பேரும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தார்கள். ஒத்தாசை ஐந்து. முதல் வளைவு போயிற்று, இரண்டாம் வளைவும் போயிற்று. மூன்றாம் வளைவில் வண்டி முக்கியது.

"இறங்கித் தள்ளுங்க" என்றாள் அவள். "கடைக்காரர் அஞ்சுதான் குடுத்தாரு. ஆறாவது நீங்கதான்."

இறங்கித் தள்ளினார். முட்டி டக் டக்கென்று சொல்லிற்று. சொல்லட்டும் என்று தள்ளினார். குழாய்ப் பக்கம் ஈரமே இல்லை, பாசி காய ஆரம்பித்திருந்தது. வளைவு முடிந்து மறுபடி ஏறி உட்கார்ந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த அசல் வேர்வை. அதைப் பார்க்கத்தான் வாசலில் ஆள் இல்லை. வாட்ச்மேனும் ஷிஃப்ட் மாறுவதைப் பார்க்க வந்த சூப்பர்வைசரம்மாவும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் கேட்பதற்கு முன்னால் ஃபிட்டர் சொல்லிவிட்டார். ஒரே மூச்சில் சொன்னார். "மேடம், எனக்கு முட்டி போச்சு. ரெண்டு மாசமா இதுலதான் வர்றேன். வேர்வைன்னு நீங்க பாத்தது மூணாம் வளைவுத் தண்ணி."

வாட்ச்மேனின் பேனா அந்தரத்தில் நின்றது. சூப்பர்வைசரம்மா ஃபிட்டரின் முட்டியைப் பார்த்தார். தோளில் சாத்தியிருந்த கம்பியைப் பார்த்தார். ஃபிட்டரின் காதில் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"காது எப்படி இருக்கு?"

"காது நல்லாத்தான் இருக்கு மேடம்."

"அப்ப சரி. ஆஸ்பத்திரி லைன்ல எங்கயோ தண்ணி போகுது, ரெண்டு நாளா யாராலயும் பிடிக்க முடியலை. போய்க் கேட்டுச் சொல்லுங்க" என்றார். "அந்த 'கவனத்தில் உள்ளது'க்கு மட்டும் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடணும்." பிறகு தையலம்மா பக்கம் திரும்பி, இது எந்தக் கடை, எத்தனை நேரம் சார்ஜ் போடவேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

ஃபிட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரி லைன் என்றால் இறக்கம். மறுபடி அதே கேரியர்தான்.

வாட்ச்மேனுக்கு மட்டும் பிரச்சினை தீரவில்லை. பதிவேட்டைப் பிடித்தபடி நின்றார். "மிதிச்சுன்னு போட முடியாது. மிதிச்சது அம்மா. தள்ளினதாவும் சொல்றீங்க. நான் என்னன்னு எழுதறது?"

"ஒத்தாசை அஞ்சுன்னு போடுங்க" என்றாள் தையலம்மா.

"மூணாம் வளைவுல ஆறு" என்று திருத்தினார் ஃபிட்டர்.

வாட்ச்மேன் அர்த்தம் கேட்கவில்லை. கட்டத்தை நிறைக்க ஒரு வார்த்தை கிடைத்ததே போதும் என்று 'ஒத்தாசை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அப்போது நாலாம் வளைவுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மீட்டர் வந்து சேர்ந்தார். தலை படிய வாரி, பூசிய பவுடர் கலையாமல், சட்டை மொறமொறவென்று இருந்தது. நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவர் தொழிலே அதுதானே, குனிந்து பதிவேட்டைப் படித்தார்.

"எனக்கும் அதையே போடுங்க" என்றார்.